காருகுறிச்சியார் நாயனம்: எந்த சி.டி.யை வாங்க?



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், காருகுறிச்சி அருணாசலம் நாதசுரம் சி.டி. ஒண்ணு வாங்கணும். ஒரே ஆலாபனை மூணு நாலு விதமா கிடைக்குது. கேட்டா ஒண்ணுக்கொண்ணு வேற ஆள் வாசிச்ச மாதிரி இருக்கு. எதை வாங்க?" இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் பத்து வருஷமாக என் மண்டையைக் குடையும் விஷயம் இது. நம் ஊர் விஷயமும்கூட. அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். நீளம்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்காக முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். காருகுறிச்சி என்பது திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரை ஊர். அங்கே 1921-ல் பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து, கூடவே இருந்து வாசித்து, பிறகு தனியாகப் பெயர் எடுத்தவர். பெயரும் பணமும் வந்தபின் குடியிருக்கத் தேர்ந்தெடுத்தது நம் கோவில்பட்டியை. ஆற்றங்கரையில் பிறந்தவர் இந்தக் கரிசல் காட்டில் வந்து உட்கார்ந்ததற்கு ரயில் வசதி ஒரு காரணமாக இருக்கலாம் என்று என் தகப்பனார் சொல்வார். 1964-ல் காலமானார். வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், யார் என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்கும் 'சிங்கார வேலனே' தெரியும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். ஜானகி அம்மா பாட, கூடவே ஒலிக்கும் நாயனம் காருகுறிச்சியாருடையது. படத்தில் வாசிப்பதுபோல் நடித்தவர் ஜெமினி கணேசன்.

இனி கேள்விக்கு வருவோம். ஒரே வாசிப்பு எப்படி மூன்று விதமாகக் கேட்கும்?

அவர் வாசித்தது நம் காதுக்கு வந்து சேரும் வழியைப் பாருங்கள். ஒன்று, அரக்கில் செய்த 78 சுழற்சித் தட்டு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். ஒரு மணி நேரம் கரகரப்பிரியா வாசிக்கிற மனுஷரை மூன்றரை நிமிஷத்துக்குள் அடைப்பது, தேரை எடுத்துச் சந்துக்குள் விடுகிற கதை. இரண்டாவது, சினிமா. பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒலி அது. மேல்ஸ்தாயி மினுமினுப்பு அதில் பாதிக்கு மேல் போய்விடும். டி.வி.யில் வரும் 'சிங்கார வேலனே' கம்பளி போர்த்திய மாதிரி இருப்பதற்கும், இசைத்தட்டில் கேட்டால் பளிச்சென்று இருப்பதற்கும் அதுதான் காரணம். மூன்றாவது வானொலி. திருச்சி நிலையம் 1939-லேயே வந்துவிட்டது. நம் திருநெல்வேலி நிலையம் வந்தது 1963-ல், அதற்குள் அவருக்கு நாள் நெருங்கிவிட்டது. நான்காவது, கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் ஆர்வலர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்தவை. நீண்ட ஆலாபனையெல்லாம் டேப்பில்தான் நின்றது.

இந்தத் தட்டிலிருந்தும் டேப்பிலிருந்தும் கேசட் வந்தது, கேசட் காலம் முடிந்து சி.டி. வந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சில முடிவுகளை எடுக்கிறார். எந்த வேகத்தில் ஓட்டுவது, இரைச்சலை எவ்வளவு துடைப்பது, சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது. மாஸ்டரிங் என்பது இந்த வேலைதான். வெளிநாட்டில் ராக் இசைக் குழுக்களின் ரசிகர்கள் இதற்காக மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். பீட்டில்ஸ் ஆல்பங்கள் 1987-ல் சி.டி.யாக வந்தபோது முதல் நான்கும் மோனோவாக மட்டும் வந்தன. 2009-ல் எல்லாவற்றையும் புதிதாகத் துடைத்து மோனோ தனி, ஸ்டீரியோ தனி என்று வெளியிட்டார்கள். எது சரி என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. பீட்டில்ஸுக்கு ஆயிரம் பேர் காவல் இருக்கிறார்கள். நம் நாயனத்துக்கு?

என்னிடம் ஒரே கரகரப்பிரியா ஆலாபனை மூன்று பிரதி இருக்கிறது. 1980களின் கடைசியில் வாங்கிய கேசட் ஒன்று. அதற்குப் பத்து வருஷம் கழித்து வாங்கிய சி.டி. ஒன்று. பிற்பாடு 'புதிதாக மெருகூட்டியது' என்று அட்டையில் போட்டு வந்த சி.டி. இன்னொன்று. கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், சொல்லி யாருக்கு லாபம்? மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கேட்டேன், அலையைப் பார்த்தேன். பௌதிக வாத்தியாருக்கு ரிட்டயர்டு ஆனபின் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

முதலில் சுருதி. கேசட்டிலும் பழைய சி.டி.யிலும் ஆதார ஷட்ஜம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறது. மெருகூட்டிய சி.டி.யில் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி நிற்கிறது. டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், காலம் குறையும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். அரைக் கட்டை ஏற வேண்டுமானால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூட வேண்டும். இருபது நிமிஷ ஆலாபனை பத்தொன்பது நிமிஷத்துக்கும் கீழே வந்துவிடும். கேட்பவருக்கு அது தெரியாது. "அடேயப்பா, என்ன விறுவிறுப்பு!" என்பார்.

அரைக் கட்டைதானே, போனால் போகிறது என்று விட முடியாது. நாகசுரத்தில் சுருதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய காலத்து நாயனம் திமிரி. குட்டை, உச்ச சுருதி, நாலு கட்டை, ஐந்து கட்டை என்று நாலு தெரு கேட்கும். ராஜரத்தினம் பிள்ளைதான் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கினார். மத்யமம் சுத்தமாகப் பேச ஆரம்பித்ததும் அந்தக் கருவியில்தான். வாய்ப்பாட்டு மாதிரி இழைத்து இழைத்து ராகம் வாசிக்க அந்த இறக்கம்தான் வழி திறந்தது. காருகுறிச்சியார் அந்த வழியில் வந்த ஆள். அவருடைய கார்வை கீழே இறங்கி நின்று நிறைவது. வேகத்தை ஏற்றி வைத்த சி.டி.யில் பாரி நாயனம் பாதித் திமிரியாகிவிடுகிறது. குரு ஆயுசைக் கொடுத்து இறக்கியதை, முகம் தெரியாத ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றிவிட்டார்.

ஏன் ஏற்றினார் என்று ஊகிக்கத்தான் முடியும். மூல டேப் ஓடிய மெஷின் பழுதாக இருந்திருக்கலாம். துள்ளலாகக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே செய்திருக்கலாம். வெள்ளைக்காரர் உலகத்திலும் இது நடந்திருக்கிறது. மைல்ஸ் டேவிஸ் என்ற ஜாஸ் மேதையின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-ல் வந்தது. பதிவு செய்த நாளில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி ஏறி ஒலித்தன. உலகமே முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே கேட்டது. அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய பிள்ளைகள், தங்கள் வாத்தியம் ஏன் சேரவில்லை என்று குழம்பியிருப்பார்கள். உடன் ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை எடுத்து, 1992-ல்தான் சரிசெய்து வெளியிட்டார்கள்.

அங்கே இரண்டாவது டேப் இருந்தது. நமக்கு இல்லை. அப்படியானால் எந்த வேகம் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

'சிங்கார வேலனே' மாதிரி பாட்டென்றால் சுலபம். மனுஷக் குரல் இருக்கிறது. வேகம் ஏறினால் ஜானகி அம்மா குரல் குழந்தைக் குரலாகும், இறங்கினால் கட்டிப்போகும். காதே சொல்லிவிடும். தனி நாயனத்துக்கு அந்தச் சாட்சி கிடையாது. ஆனால் வேறொரு சாட்சி உண்டு. பழைய டேப்பின் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஓடுமே, அதுதான். மின்சாரத்தின் முனகல். நம் நாட்டுக் கரண்டு வினாடிக்கு 50 சுற்று. பதிவு செய்த அன்றைக்கே மைக் வயர் வழியாக அந்த 50-ம் அதன் மடங்குகளும் டேப்பில் ஏறிவிடும். (பதினொன்றாம் வகுப்பில் அனுசுரம் நடத்தியபோது தூங்கியவர்கள் இப்போது வருத்தப்படலாம்.) இன்று கம்ப்யூட்டரில் பார்க்கும்போது முனகல் 50-ல் நின்றால் வேகம் சரி. 53-ல் நின்றால் 6 சதவீதம் கூட, அதாவது அரைக் கட்டை ஏறியிருக்கிறது. அந்தக் காலத்துக் கரண்டு 50-ல் ஆடாமல் நிற்காது, கொஞ்சம் முன்பின் போகும். அதனால் நூலிழைத் துல்லியம் கிடைக்காது. அரைக் கட்டைத் திருட்டைப் பிடிக்க இது தாராளம். ஒரு எச்சரிக்கை: உங்கள் ஆம்ப்ளிபயரே முனகலாம். டேப்பை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியபின்னும் முனகினால் அது வீட்டு முனகல்.

என் கேசட்டில் அந்த முனகல் இருக்கிறது. பழைய சி.டி.யிலும் மெல்லிசாக இருக்கிறது. இரண்டும் 50-ஐ ஒட்டியே நிற்கின்றன. மெருகூட்டிய சி.டி.யில் முனகலே இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். துடைத்ததோடு, வேகம் தப்பு என்று நிரூபிக்க இருந்த ஒரே தடயமும் போய்விட்டது. முன்னைய இரண்டும் என் கையில் இருப்பதால் எனக்குத் தெரிகிறது. இது ஒன்றை மட்டும் வாங்கியவருக்கு எந்த வழியும் கிடையாது.

துடைப்பதில் இன்னொரு சேதமும் நடக்கிறது. டேப் இரைச்சல் 'ஸ்ஸ்ஸ்' என்று மேல்பக்கம்தான் அதிகம் இருக்கும். நாயனத்தில் சீவாளியில் நாக்குப் படுகிற துத்துகாரமும் அங்கேதான் இருக்கிறது. தவில் வலந்தலையில் விரல் கூடு விழும் சுரீர் சத்தமும் அங்கேதான். ஒன்றை முழுசாக வழித்தெடுத்தால் மற்றதும் கூடவே வரும். மெருகூட்டிய சி.டி.யில் ஸ்வரங்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன, தொடக்கம் தெரியவில்லை. ஒத்து வேறு, முனகலோடு முனகலாக நினைத்து அழுக்கப்பட்டு, வாக்கியத்துக்கு நடுவில் செத்துச் செத்துப் பிழைக்கிறது. கடலை மிட்டாயில் கடலையை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் தாளில் மடித்துக் கொடுத்த மாதிரி. கோவில்பட்டிக்காரனிடம் அந்த வியாபாரம் நடக்குமா?

என் தகப்பனார் காருகுறிச்சியாரைக் கழுகுமலையிலும் நம் ஊரிலும் நேரில் கேட்டவர். கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது, காது நன்றாக இருந்தது. அந்தப் புது சி.டி.யை விவரம் சொல்லாமல் போட்டேன். ஐந்து நிமிஷம் கேட்டார். "அவரு வாசிக்கிற மாதிரியும் இருக்கு, அவரைக் கேட்டுப் படிச்ச யாரோ வாசிக்கிற மாதிரியும் இருக்கு. யாருடே இது?" என்றார். பழைய கேசட்டைப் போட்டேன். இரைச்சல் அள்ளிக் கொட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொடையில் தாளம் மட்டும் போட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது விஷயம் சத்தம். சி.டி.க்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் போக முடியாது. நேரில் கேட்டவர்களுக்குத் தெரியும், தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் ஓங்கி ஒரு அடி போட்டால் பந்தக்கால் அதிரும். மறு நிமிஷம் நாயனம் மூச்சுக்காற்று மாதிரி இழையும். அந்த ஏற்ற இறக்கம்தான் கச்சேரி. 1990களிலிருந்து சி.டி. போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி பிடித்தது. அடுத்தவன் சி.டி.யைவிட நம் சி.டி. சத்தமாகக் கேட்க வேண்டும். வரம்பைத் தாண்ட முடியாது. அதனால் ஓங்கிய அடியின் தலையை வெட்டி, மெதுவான இடத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெட்டாலிகா குழு 2008-ல் போட்ட ஆல்பத்தில் இது எல்லை மீறிப்போய், அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் இதைவிட நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்கள் கண்டுபிடித்து மனுப் போட்டார்கள். கரகரவென்று கத்துகிற அந்தச் சங்கீதத்துக்கே அந்தக் கதி என்றால் தவிலுக்கு என்ன ஆகும்?

அலையைத் திரையில் பார்த்தால் புரியும். கேசட்டில் கரிசல் காட்டுப் பனைமரங்கள் மாதிரி. நெட்டையாக ஒன்று, நடுவில் வெறும் பொட்டல், தள்ளி இன்னொன்று. புது சி.டி.யில் கத்தரி போட்டு வெட்டிய வேலி. அதில் தவில் அடி விழுகிறது, ஆனால் உறைப்பதில்லை.

பழைய சி.டி. குறையே இல்லாதது என்று சொல்லவில்லை. அதில் நடுவில் ஒரு இடத்தில் டேப் ஒட்டியது தெரிகிறது, கொஞ்சம் ஆலாபனை காணாமல் போயிருக்கிறது. கேசட்டில் அந்த இடம் முழுசாக இருக்கிறது. அரக்குத் தட்டிலிருந்து எடுத்தவற்றில் வேறு வகைச் சிக்கல். 1950களின் நடுவில் பொது வழக்கு ஒன்று வரும்வரை ஒவ்வொரு கம்பெனியும் தட்டு வெட்டும்போது மேல் கீழ் ஒலிகளைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்து வெட்டியது. திருப்பிப் போடுகிறவர் அந்தக் கணக்கைத் தெரிந்து சரிசெய்யாவிட்டால் நாயனம் தகர ஊதல் ஆகிவிடும், அல்லது பானைக்குள் இருந்து கேட்கும். இதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நம் பக்கத்து எட்டயபுரத்தில் 1904-ல் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலே கமகக் குறி. எந்த இடத்தில் அசைப்பது, எங்கே ஜாரு, எங்கே நொக்கு என்று காகிதத்திலேயே காட்டப் பாடுபட்டார். ஒலிப்பதிவு நம் ஊர்ப்பக்கம் பரவாத காலம். இன்றைக்கு எந்த வாத்தியக்காரரும் அந்தப் புத்தகத்தைத் திறந்து, இந்தக் குறி எனக்குப் பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டு மறுபதிப்புப் போட முடியாது. பண்டிதர்கள் சும்மா விடமாட்டார்கள். சி.டி.யில் அதைத்தான் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் விளாத்திகுளம். நல்லப்ப சுவாமிகள் அங்கே மணிக்கணக்கில் ராகம் பாடினார் என்று கேட்டிருக்கிறோம். இடைசெவல் கி.ரா. அவரிடம் சங்கீதம் படிக்கப் போன கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். சுவாமிகள் குரல் பதிந்த ஒரு தட்டோ டேப்போ என் கைக்கு இதுவரை வந்ததில்லை. சொன்னவர்கள் வார்த்தைதான் மிச்சம். காருகுறிச்சியார் விஷயத்தில் நமக்கு அதைவிட அதிர்ஷ்டம், சத்தமே கையில் இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது.

இன்று நாகசுரப் பள்ளியில் படிக்கிற ஒரு பையன் காருகுறிச்சி பாணி என்று எதைக் கேட்பான்? இணையத்தில் முதலில் வருவதை. அது பெரும்பாலும் சத்தமானது, 'தெளிவானது'. அதைக் கேட்டுவிட்டு, பெரியவர் துத்துகாரமே இல்லாமல் வழுக்கித்தான் வாசித்தார், இவ்வளவு வேகமாகத்தான் பிர்கா போட்டார் என்று சாதகம் பண்ணுவான். விரல் நோக அந்த 6 சதவீதத்தையும் எட்டிப் பிடித்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

சிங்கப்பூர் மாணவருக்குப் பதில் இதுதான். அட்டையில் மெருகு, டிஜிட்டல், புதிது என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இரைச்சல் கொஞ்சம் இருக்கிறதா, அடியில் முனகல் இருக்கிறதா, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒத்து சாகாமல் ஓடுகிறதா, தவில் திடுக்கிட வைக்கிறதா என்று பாருங்கள். நாலில் மூன்று இருந்தால் வாங்கிவிடுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் உங்கள் கையில் திருகு இருக்கிறது, திருகிக்கொள்ளுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர் பக்கம் பழைய வீடு இருக்கிறவர்கள் பரணைப் பாருங்கள். தாத்தா கல்யாணத்துக்கோ அத்தை கல்யாணத்துக்கோ யாராவது ஸ்பூல் டேப்பில் நாயனம் பிடித்திருக்கலாம். "சி.டி.யே வந்தாச்சே, இது எதுக்கு" என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதை உடனே மெஷினில் மாட்டியும் ஓட்டிப் பார்க்காதீர்கள், பிசுபிசுத்த டேப் பிய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் நிற்க வைத்த மாதிரி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்க வேண்டாம், காந்தம் அழித்துவிடும். அரக்குத் தட்டு இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ந்த மெல்லிய துணி போதும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய தட்டுகளைப் பேணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு மேற்கொண்டு செய்யலாம்.

டேப் பெட்டியில் ஏதாவது எழுதியிருந்தால், ஊர், தேதி, யார் கல்யாணம் என்று, அதை முதலில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பென்சில் எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும்.